பனியில் கைகொடுத்தவர்களைத் தேடிப் போகலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய கணவர் மார்கழி விடியலில் பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்குத் தனியாகக் காரில் வந்திருக்கிறார். சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளிக்குச் சற்று முன்பாக, பனிமூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதிவிட்டார். தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்து, இப்போது வீட்டில் ஊன்றி நடக்கப் பழகுகிறார். 108 வரும்வரை அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் யாரென்று தெரியவில்லை. அவருக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான்: போர்வை கொண்டுவந்து போர்த்திய டீக்கடை அம்மா, தொடையைத் துண்டால் அழுத்திப் பிடித்த தக்காளி வேன்காரர், பின்சீட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்தபடி கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டே இருந்த லாரி டிரைவர், சாலையில் தழை ஒடித்துப் போட்டு செல்போன் லைட்டை ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். பர்ஸ், போன், மோதிரம் எல்லாம் பத்திரமாக மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவர் கேட்பது மூன்று. இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? தேடிப் போனால் போலீஸ், கோர்ட் என்று அவர்களுக்குத் தொல்லை வரும் என்கிறாரே கொழுந்தனார், அது உண்மையா? ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்துவிடலாம் என்கிறாரே மாமியார், கொடுக்கலாமா?

நான் தருமபுரிப் பக்கம் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள். அடிபட்டவர்களோடு கூட வந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வராந்தாவில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: போங்கள், சகோதரி. தள்ளிப் போடாமல் போங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவர்களுக்கு உங்கள் வீட்டுக்காரர் பிழைத்தாரா இல்லையா என்பதே தெரியாது. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியதோடு அவர்கள் கண்ட காட்சி முடிந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கு நாலைந்து நாள் கழித்து ஆட்கள் வருவார்கள். பால்காரர், கரும்பு வெட்டப் போகிறவர், மினி பஸ் கண்டக்டர், இப்படி யாராவது. வாசலில் தயங்கி நின்று, "அன்னைக்குத் தொப்பூர்ல அடிபட்டு வந்தாரே, மஞ்சச் சட்டை, அவரு எப்படிங்கம்மா இருக்காரு?" என்பார்கள். பெயர் தெரியாது, சட்டையின் நிறம்தான் தெரியும். பல சமயம் அந்த நோயாளியைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்போம், அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்கும் தெரியாது. "நல்லா இருப்பாருங்க" என்று சும்மா சொல்லவும் முடியாது. திரும்பிப் போகிற அந்த முகங்களை நினைத்துத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அவர்களுக்கு வேண்டியது அந்தச் செய்தி. பணம், சால்வை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த நான்கைந்து பேரும் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். "கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட மிகப் பெரிய வேலை நடந்திருக்கிறது.

முதலில் அந்தப் பையன்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். ஏரிகள், ஈரமான தோட்டங்கள், தென்பெண்ணைப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தரைமேல் படிந்து மூட்டமாக நிற்கும். நல்ல வெளிச்சமாக இருக்கிற சாலை ஒரு வளைவு திரும்பினதும் வெள்ளைச் சுவராகிவிடும். அதே மாதங்களில்தான் சபரிமலைக்குப் போகிற கர்நாடக வேன்கள், மேல்மருவத்தூர் பேருந்துகள், பொங்கலுக்கு ஊர் திரும்புகிற பெங்களூர்க் கார்கள் எல்லாம் அந்த ஒரே சாலையில் இறங்குகின்றன. ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவருக்குக் கண் செருகுகிற நேரமும் அதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் முதல் மோதலைவிடப் பின்னால் வருகிற இரண்டாவது, மூன்றாவது மோதல்தான் அதிகம் பயப்பட வேண்டியது. இதே நெடுஞ்சாலையில் தெற்கே தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உயிர்கள் போனது நினைவிருக்கும். அங்கே காரணம் செங்குத்தான இறக்கமும் கட்டுப்பாடு இழந்த பார வண்டிகளும், இங்கே பனி. ஆனால் நின்றுவிட்ட வண்டிமேல் அடுத்த வண்டி ஏறுவது இரண்டு இடத்திலும் ஒன்றேதான். அந்தப் பையன்கள் தழை ஒடித்துக் கொஞ்ச தூரம் பின்னாலேயே போட்டு, லைட்டை ஆட்டியிருக்கிறார்கள். தழை கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்பது எந்த மாநில லாரிக்காரருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்காரரோடு சேர்த்து, பின்னால் வந்த ஊர்பேர் தெரியாத எத்தனை பேரைக் காப்பாற்றினார்களோ!

அந்த லாரி டிரைவரை நினைத்துப் பாருங்கள். மோதிய காரின் பின்சீட்டில், பனியில், எந்த நேரமும் பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து இடிக்கலாம் என்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். தொழில்முறை ஓட்டுநர் என்பதால் அந்த ஆபத்து அங்கே நின்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். வேகமாக மோதி நின்ற காரில் இருப்பவருக்குக் கழுத்து எலும்பு அடிபட்டிருக்கலாம். அந்த நிலையில் கையைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டால், நடக்கக்கூடிய மனிதர் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேரலாம். தீப்பிடிக்கும், மூச்சு நிற்கிறது என்கிற மாதிரி உயிராபத்து இல்லாவிட்டால் அசைக்காமல், தலையை இரண்டு பக்கமும் பிடித்து நேராக வைத்திருப்பதே சரி. அவர் அதைத்தான் செய்தார். ஓயாமல் பேசியதும் சும்மா இல்லை. பதில் சொல்கிறாரா, மயங்குகிறாரா என்று பார்க்கவும், பயத்தில் திமிறாமல் இருக்கவும் நாங்களும் அப்படித்தான் பேச்சுக் கொடுப்போம். மொழி புரியாவிட்டாலும் குரல் போதும்.

வேன்காரர் அழுத்திப் பிடித்த துண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே தெரியாமல் தசைக்குள்ளேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை தேங்கிவிடும். அதோடு வெளிக்காயமும் சேர்ந்தால் நேரம் மிகக் குறைவு. துண்டை எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஒரே அழுத்தாகப் பிடித்திருந்தார் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, பயிற்சி எடுத்தவர்களே பாதி நேரம் அங்கேதான் தவறுவார்கள்.

டீக்கடை அம்மா போர்த்திய போர்வையை எல்லோரும் அன்பின் அடையாளம் என்றே நினைப்பார்கள். அது சிகிச்சை. ரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை குறையும். உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும், இன்னும் குளிரும். விபத்துக் காயத்தில் உயிர் போவதற்கு இந்தச் சுழல் ஒரு பெரிய காரணம். நம் ஊர்க் குளிர் என்ன செய்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கண்ணாடி உடைந்து, பனி ஈரத்தில் நனைந்த சட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கிருஷ்ணகிரிக் குளிரே அதிகம். யாரோ சோடா கொடுக்க வந்தபோது அந்த அம்மா "ஒண்ணும் வாயில ஊத்தாதீங்க" என்று தடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவைப் பார்த்தால் என் சார்பாகவும் கையைப் பிடித்துக் கும்பிடுங்கள். வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் அங்கேயே ஆள் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யவும் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

போய்ப் பார்க்கும்போது இதையெல்லாம் அவரவரிடம் சொல்லுங்கள். "நீங்க அழுத்திப் பிடிச்சதாலதான் ரத்தம் நின்னுதுன்னு சொன்னாங்க", "நீங்க போர்த்தினது எவ்வளவு பெரிய உதவின்னு நர்ஸம்மா ஒருத்தர் எழுதியிருந்தாங்க" என்று அவர்கள் செய்த காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ரொம்ப நன்றி" என்ற பொதுவான வார்த்தையைவிட அது மனதில் நிற்கும். அடுத்த விபத்திலும் அவர்கள் அதையே தயங்காமல் செய்வார்கள்.

இனி கண்டுபிடிக்கிற வழி. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைதான் முதல் இடம். ஆனால் பகல் பதினொரு மணிக்குப் போய் நின்றால் வேறு உலகம் இருக்கும். விபத்து நடந்த அதே விடியல் நேரத்தில் போங்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி வண்டிகள், பூ ஏற்றிப் போகிறவர்கள், பால் வண்டிக்காரர்கள் எல்லாம் தினமும் அதே நேரம் அதே கடையில் டீ குடிப்பவர்கள். அந்த அம்மா கிடைத்துவிட்டால் வேன்காரரும் பையன்களும் கிடைத்த மாதிரிதான். (பனி இருக்கும், அதனால் முந்தின நாளே வந்து கிருஷ்ணகிரியில் தங்கிவிட்டுப் போங்கள். இருட்டில் ஈரோட்டிலிருந்து கிளம்ப வேண்டாம்.) அந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசுகிற குடும்பங்கள் நிறைய. எல்லோருக்கும் தமிழ் புரியும், ஆனாலும் அந்த மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் பேச்சு இன்னும் இயல்பாகும்.

மருத்துவமனையில் விபத்து நோயாளி வந்ததும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவோம், ஏ.ஆர். என்போம். யார் அழைத்து வந்தது என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் 108-இல் வந்ததால் பெரும்பாலும் அந்த ஊழியர் பெயர்தான் இருக்கும். அதுவே நல்ல நூல் நுனி. அன்றைக்கு வந்த மருத்துவ உதவியாளரையும் பைலட்டையும், அதாவது வண்டி ஓட்டியவரையும், கேளுங்கள். சாலையில் யார் இருந்தார்கள், பர்ஸையும் மோதிரத்தையும் யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கு நினைவிருக்கும். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிற அந்த வண்டிகளில் வேலை செய்பவர்களுக்கும், தாங்கள் இறக்கிவிட்ட ஆள் என்ன ஆனார் என்று யாரும் போய்ச் சொல்வதில்லை. அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். 108-க்கு முதலில் அழைத்தவரின் எண்ணைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்காமல் இருப்பதே சரி. உங்கள் எண்ணைக் கொடுத்து, "அவர் விரும்பினால் எங்களை அழைக்கட்டும்" என்று கேட்டுப் பார்க்கலாம்.

கன்னட டிரைவர் கிடைப்பது கடினம். டீக்கடையில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். அந்த வழித்தடத்தில் ஓடுகிறவராக இருந்தால் ஒருநாள் அங்கே நிற்பார். அந்த அம்மாவே செய்தியைச் சொல்லிவிடுவார். வண்டி எண்ணைக் கண்டுபிடித்து முதலாளியிடம் போய் விசாரிக்க வேண்டாம். சரக்கு தாமதமானதற்கு டிரைவர் அவரிடம் வேறு காரணம் சொல்லியிருக்கலாம்.

கொழுந்தனாரின் பயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அது நியாயமான பயம். அடிபட்டவரைக் கொண்டுவந்தவரையே உட்காரவைத்துக் கேள்வி கேட்ட காலம் உண்டு. டெல்லியில் 2007-இல் அடிபட்ட ஒரு பள்ளி மாணவன், யாரும் கைகொடுக்காமல் சாலையிலேயே இறந்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி தொடங்கிய சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கேட்டு 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய அரசு 2015 மே மாதம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது, 2020 செப்டம்பரில் விதிகள் வந்தன.

இன்றைய நிலைமை இதுதான். நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனை அவரைத் தடுத்து வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. அவராகவே சாட்சி சொல்ல முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் விசாரிக்க வேண்டும். வீட்டுக்கோ கடைக்கோ வருகிற அதிகாரி சீருடை இல்லாமல் வர வேண்டும். ஆகவே நீங்கள் போய் நன்றி சொல்வதால் அவர்களுக்குச் சட்டப்படி எந்தத் தொல்லையும் இல்லை.

தொல்லை வேறு பக்கம் இருக்கிறது. அதை உங்கள் குடும்பம்தான் காக்க வேண்டும். விபத்து இழப்பீட்டு வழக்குப் போடும்போது, நின்றிருந்த லாரியின் காப்பீடு சரியில்லை, விவரம் கிடைக்கவில்லை என்று வந்தால், அங்கே இருந்த வேறொரு வண்டியை மோதிய வண்டியாகக் காட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. உதவிக்கு நின்ற வேனின் எண்தான் அப்போது கைக்கு வரும். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது குற்றம், அதோடு பெரிய துரோகம். இப்படி ஒருமுறை மாட்டியவர் மறுபடி எந்த விபத்துக்கும் வண்டியை நிறுத்த மாட்டார், அவர் கதையைக் கேட்ட ஊரும் நிறுத்தாது. அதேபோல், "நீங்கதான் பார்த்தீங்களே, சாட்சி சொல்லுங்க" என்று நெருக்க வேண்டாம். அவராகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி. மாமியாரின் மனசு எனக்குப் புரிகிறது, மகன் உயிரோடு திரும்பியிருக்கிறான். ஆனால் நோட்டை நீட்டினால் பெரும்பாலும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள், சிலருக்கு முகம் வாடிவிடும். அவர்கள் இழந்ததைத் திருப்பிக் கொடுங்கள், அதில் கூச்சம் இருக்காது. அந்தப் போர்வை திரும்பி வந்திருக்காது, நல்ல கம்பளியாக இரண்டு வாங்கிக் கொடுங்கள். வேன்காரருக்கு அன்று சந்தைக்குப் போகத் தாமதமாகி தக்காளி விலை இறங்கியிருக்கலாம். "அன்னைக்கு உங்க சரக்கு என்ன ஆச்சுங்கண்ணா?" என்று கேட்டு, அதை ஈடுகட்ட அனுமதி கேளுங்கள். பையன்கள் படிக்கிறவர்களாக இருந்தால் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் பாராட்டுங்கள். அந்தக் கடைக்கு நல்ல டார்ச் லைட்டு இரண்டும், மடக்கி வைக்கிற சிவப்பு எச்சரிக்கை முக்கோணங்களும் வாங்கி வைத்துவிட்டு வந்தால், அடுத்த பனிக்காலத்தில் செல்போன் வெளிச்சத்தை நம்பி யாரும் நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

அரசே தருகிற வெகுமதி ஒன்றும் இருக்கிறது. மோசமான விபத்தில் அடிபட்டவருக்கு உடனடியாக உதவி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காத்தவருக்கு மத்திய அரசு 2021 அக்டோபரிலிருந்து 5,000 ரூபாயும் சான்றிதழும் கொடுத்துவந்தது. 2025-இல் தொகையை 25,000 ஆக உயர்த்தினார்கள். பெரிய அறுவை சிகிச்சை நடந்திருப்பதால் உங்கள் வீட்டுக்காரர் விபத்து மோசமான விபத்து என்ற வரையறைக்குள் வரும். அவரை ஏற்றி வந்தது 108 என்பதால், சாலையில் நின்ற இவர்களுக்கு இது பொருந்துமா என்பதைக் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுதான் முடிவு செய்யும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. காவல் நிலையம் அல்லது மருத்துவமனை எழுதிக் கொடுக்கிற விவரம் அந்தக் குழுவுக்குப் போகும், பலர் சேர்ந்து காப்பாற்றியிருந்தால் தொகை பிரியும். அவர்கள் சம்மதித்தால் மட்டும் இந்த வேலையைத் தொடங்குங்கள், அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களை ஆபீஸ் ஆபீஸாக நடக்கவைத்தால் அது உபத்திரவமாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். அறுவையின்போது இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொடுத்தவர்களும் யாரோ தெரியாதவர்கள்தான், அவர்களைத் தேடவும் வழியில்லை. உங்கள் வீட்டில் 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாத எடையில், ஆரோக்கியமாக இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு ரத்த வங்கியில் கொடுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கொழுந்தனாரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

எப்போது போவது என்றால், உங்கள் வீட்டுக்காரர் காரில் உட்கார டாக்டர் சம்மதம் கொடுத்ததும் போங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றால் நீங்களும் மாமியாரும் முதலில் போய்விட்டு வாருங்கள். மேம்பாலம், சர்வீஸ் ரோடு என்று வேலை தொடங்கினால் சாலையோரக் கடைகள் இடம் மாறிவிடும், பிறகு தேடுவது சிரமம். போகும்போது போனில் அவர் நடக்கிற வீடியோ ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.